கென்யா நாட்டு அக்காமார் நிலம் காத்த வரலாறு



ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி கூட்டமைப்புத் தலைவி அக்கா என்னிடம் கேட்டார்கள். 1989ல் தருமபுரியில் முதல் குழுக்கள் தொடங்கிய கதையைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். "அது வேற ஆளு எழுதுறாக. நீ போன பயிற்சியில ஒரு அம்மாவைப் பத்திக் கேட்டுட்டு வந்து வாய் ஓயாமப் பேசுனியே, அதை எழுது" என்றார்கள். எனவே இது நம்ம ஊர் வரலாறு இல்லை. கடல் தாண்டி ஆப்பிரிக்காவில், கென்யா என்ற நாட்டில் நடந்தது. ஆனால் படித்தால் நம்ம குழுத் தீர்மானப் புத்தகத்தைப் படிக்கிற மாதிரியே இருக்கும்.

முதலில் நம்ம சங்கதி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கூட்டமைப்பு அலுவலகத்துக்கு மாதம் ஒன்றிரண்டு பயிற்சித் தகவல் வருகிறது. மண்புழு உரம், நாற்றங்கால், பண்ணைக்குட்டை, மண் அரிப்புத் தடுப்பு என்று ஏதாவது ஒன்று. யார் போறீங்க என்று கேட்டால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறோம். "போய்ட்டு வந்தா என்ன கிடைக்கும், ஒரு பையும் நோட்டும் மத்தியானச் சோறும்தானே" என்று சிரிக்கிறோம். நானும் சிரித்தவள்தான். காரணம் இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால் நம்ம கண்மாய்க் கரையில் ஒரு டிராக்டர் நிறைய கன்று வந்து இறங்கியது. ஒரே நாளில் நட்டோம். போட்டோ எடுத்தார்கள், வடை காபி கொடுத்தார்கள், போய்விட்டார்கள். சித்திரை வெயிலுக்கு முன்னாடியே பாதி காய்ந்தது. மீதியை ஆடு பார்த்துக்கொண்டது. ஆனால் காகிதத்தில் அத்தனை கன்றும் நட்டதாகத்தான் இன்றைக்கும் இருக்கும். அது பொய்யும் இல்லை, நட்டோமே!

இந்த மனக்குறையோடு பயிற்சிக்குப் போய் உட்கார்ந்திருந்தபோதுதான் வாங்கரி மாத்தாய் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். ஊருக்கு வந்ததும், அவர் 2006ல் எழுதிய தன்வரலாற்றை என் மகள் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். இங்கிலீசில் இருந்ததை ராத்திரி ராத்திரி அவள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். கீழே எழுதுவது பெரும்பாலும் அப்படிக் கேட்டதுதான்.

வாங்கரி அம்மா 1940ல் கென்யாவின் நையேரி பகுதியில் இஹிதே என்ற கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர்கள் வீட்டுப் பக்கத்தில் பெரிய அத்தி மரம் ஒன்று இருந்தது. சுள்ளி பொறுக்கப் போகும்போது அம்மா சொல்லி அனுப்புவாராம், அந்த மரத்தில் மட்டும் ஒரு குச்சிகூட எடுக்காதே, அது சாமி மரம் என்று. நம்ம ஊரில் அய்யனார் கோயில் மரத்தைச் சொல்வதில்லையா, அதே பேச்சு. அந்த மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் ஊற்று கிளம்பி ஓடையாக ஓடும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஓடையில் கிடக்கும் தவளை முட்டைகளைப் பாசிமணி என்று நினைத்துக் கையில் அள்ளப் பார்ப்பாராம், அது வழுக்கிப் போய்விடுமாம்.

பிறகு படிப்பு. அமெரிக்காவில் படித்தார். 1971ல் முனைவர் பட்டம் வாங்கினார், கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவிலேயே அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான். நைரோபி பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பிரிவில் பாடம் நடத்தினார். மாட்டுக்கு வரும் உண்ணிக் காய்ச்சலை ஆராய்ச்சி பண்ணுவதற்காகக் கிராமம் கிராமமாகப் போனபோது வேறொன்று கண்ணில் பட்டது. மாடெல்லாம் எலும்பும் தோலுமாக நிற்கிறது, மேய்ச்சல் இல்லை. மழை பெய்தால் ஆறு செம்மண் நிறத்தில் ஓடுகிறது. ஓடுவது தண்ணீர் மட்டுமில்லை, காட்டு மேல்மண். சொந்த ஊருக்குப் போய்ப் பார்த்தால் அந்த அத்தி மரம் இல்லை. அந்த இடத்தை வாங்கியவர் மரத்தை வெட்டித் தேயிலை போட்டிருக்கிறார். ஓடையும் வற்றிப் போயிருந்தது. வேர் ஆழமாகப் போய்ப் பாறைக்குக் கீழே இருக்கிற தண்ணீரைத் தொட்டு மேலே வர வழி செய்து கொடுத்தது என்பதும், மண்ணைப் பிடித்து வைத்ததும் அந்த மரம்தான் என்பதும் படித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. படிக்காத அம்மாவுக்கு அது வேறு பெயரில் தெரிந்திருந்தது.

வெள்ளைக்காரர் காலத்திலேயே அங்கே நாட்டுக் காடுகளை அழித்துத் தைல மரம், பைன் மரம் என்று வெளிநாட்டு மரங்களைப் போட்டிருந்தார்கள். தேயிலையும் காப்பியும் வேறு. 1963ல் சுதந்திரம் வந்த பிறகும் அது நிற்கவில்லை. தைல மரக்காட்டுப் பக்கம் விவசாயம் பண்ணும் நம்ம பெண்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1970களின் நடுவில் கென்ய தேசிய மகளிர் மன்றக் கூட்டங்களில் கிராமத்துப் பெண்கள் வந்து பேசினார்கள். எங்களுக்கு விறகு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு இல்லை என்றார்கள். இந்த மூன்றும் தனித்தனிக் குறை மாதிரித் தெரிகிறது. ஆனால் அந்தப் பெண்கள் சொன்ன கணக்கைப் பாருங்கள். நிலத்தையெல்லாம் காசுப் பயிருக்குக் கொடுத்தாச்சு. விறகுக்கு ரொம்ப தூரம் நடக்க வேண்டியிருக்கு. அதனால் சீக்கிரம் வேகிற வெள்ளை அரிசி, மாவு, ரொட்டி என்று சமைக்கிறோம். பயறும் கிழங்கும் வேக நேரமாகும், விறகு காணாது. பிள்ளை நோஞ்சானாகிறது. விறகுக்கும் பிள்ளையின் எடைக்கும் உள்ள தொடர்பை எந்த அதிகாரியும் சொல்லவில்லை, அடுப்படியில் நிற்கிறவர்கள் சொன்னார்கள். என் மகள் இந்த இடத்தைச் சொன்னபோது அடுப்பிலிருந்த பாலைக் கவனிக்காமல் பொங்க விட்டேன்.

மரம் நட்டால் என்ன என்று வாங்கரி அம்மாவுக்குத் தோன்றியது இப்படித்தான். ஆனால் எடுத்த எடுப்பில் ஜெயிக்கவில்லை, இதைச் சொல்லியே ஆகணும். அவர் கணவர் 1974ல் தேர்தலில் நின்றபோது வேலை தருவேன் என்று மக்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கைக் காப்பாற்ற இவர் ஒரு சின்ன நிறுவனம் தொடங்கி, ஏழை மக்களை வைத்து மரக்கன்று வளர்க்கப் பார்த்தார். கண்காட்சியில் கன்றுகளை வைத்தார், பார்த்தவர்கள் பாராட்டினார்கள், வாங்கத்தான் ஆளில்லை. 1976ல் கனடா நாட்டில் நடந்த ஐக்கிய நாடுகள் சபை மாநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால், தண்ணீர்ப் பஞ்சத்தில் கன்றுகள் பட்டுப் போயிருந்தன. கம்பெனி முடிந்தது. நம்ம கண்மாய்க் கரை ஞாபகம் வருதா?

அடுத்த வருஷம் அதே யோசனையை மகளிர் மன்றத்தின் வழியாகக் கொண்டுபோனார். 1977 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். நைரோபி நகரத்தில் ஊர்வலமாகப் போய், கமுகுஞ்சி பூங்காவில் ஏழு மரம் நட்டார்கள். வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த ஏழு பெரியவர்களின் நினைவாக ஏழு. அந்தத் திட்டத்துக்கு முதலில் வைத்த பெயர் 'நிலத்தைக் காப்போம் ஹரம்பே'. ஹரம்பே என்றால் அவர்களின் சுவாஹிலி மொழியில் எல்லாரும் சேர்ந்து இழுப்போம் என்று பொருள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்கிறோமே, அதற்கு அங்கே ஒரே சொல் இருக்கிறது. பிறகு ஆயிரம் மரமாவது வரிசையாக நின்று மண்ணுக்கு அரைஞாண் கயிறு மாதிரி இருக்க வேண்டும் என்று நட ஆரம்பித்தார்கள். அதிலிருந்து பசுமை வளைய இயக்கம் என்ற பெயர் நிலைத்தது. அந்த முதல் ஏழு கன்றில் பிழைத்தது இரண்டுதான்.

ஊருக்கு ஊர் பெண்கள் கன்று கேட்டார்கள். வனத்துறைத் தலைமை அதிகாரியிடம் போய், நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேர் இருக்கோம், ஆளுக்கு ஒன்றாக ஒன்றரைக் கோடி கன்று வேணும் என்று வாங்கரி அம்மா கேட்டாராம். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எவ்வளவு வேணுமோ இலவசமாக எடுத்துக்கோங்க என்றார். இந்தப் பொம்பளைகள் எத்தனை எடுத்துவிடப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இனிமேல் காசு கொடுத்துத்தான் வாங்கணும், உங்களுக்குக் கொடுத்து எங்களால் கட்டுப்படி ஆகவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அப்படியானால் நாமே நாற்றங்கால் போடுவோம் என்று முடிவெடுத்தார்கள். அதற்குப் பயிற்சி வேண்டுமே. வனத்துறைக்காரர்களை அழைத்தார்கள். அந்தப் பயிற்சியைப் பற்றி என் மகள் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன், ஏனென்றால் அந்த மாதிரிப் பயிற்சியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நிலத்தின் சரிவு இவ்வளவு இருக்கணும், சூரிய வெளிச்சம் இந்தக் கோணத்தில் விழணும், பாத்தி இவ்வளவு ஆழம், சரளை இவ்வளவு பங்கு, மண் இந்த வகை என்று பாடம். வந்திருந்தவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஒன்றும் ஏறவில்லை. படித்த பட்டம் இல்லாமல் மரம் வளர்க்க முடியாது போலிருக்கு என்று மனசு விட்டுப் போனார்கள்.

வாங்கரி அம்மாவும் முனைவர் பட்டம் வாங்கியவர்தான். ஆனால் அவர் யோசித்தது வேறு. சோளமும் பயறும் காலம் காலமாக விதைக்கிறீர்களே, எந்த அதிகாரி வந்து சொல்லிக் கொடுத்தார்? மர விதையும் விதைதான், அதையும் அப்படியே பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கைகள் வேலை செய்ய ஆரம்பித்தன. உடைந்த பானை, பழைய டப்பா எல்லாம் நாற்றுத் தொட்டி ஆனது. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, கோழியும் ஆடும் எட்டாத உயரத்தில் வைத்தார்கள். எந்த மரம் எப்போது பூக்கிறது, எப்போது காய் முற்றுகிறது என்று பார்த்து நாட்டு மர விதைகளைத் தாங்களே சேர்த்தார்கள். பட்டயம் இல்லாத வன அதிகாரிகள் என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. ஒரு ஊரில் நன்றாக வந்தால் அந்த ஊர்ப் பெண்கள் பக்கத்து ஊருக்குப் போய்ச் சொல்லிக் கொடுப்பார்கள். பயிற்றுநர் கூட்டம் இப்படித்தான் பெருகியது. இதே இயக்கம் 1986க்குப் பிறகு தான்சானியா, உகாண்டா, எத்தியோப்பியா என்று மற்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் பயிற்சி கொடுத்தது.

காசு விஷயம் நமக்கு முக்கியம், அதனால் அதையும் எழுதுகிறேன். பெண்களுக்குக் கன்றுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை உண்டு. அமெரிக்கக் காசில் நாலு சென்ட். 1977 கணக்கில் நம்ம காசுக்கு முப்பது, முப்பத்தைந்து பைசா வரும். பெரிய பணமில்லை. ஆனால் கையில் சொந்தமாகக் காசு பார்க்காத பெண்களுக்கு அது வருமானம். யாருக்குக் கிடைக்கும் என்பதில்தான் சூட்சுமம். நட்ட கன்றுக்கு இல்லை, பிழைத்து நிற்கிற கன்றுக்கு மட்டும். நட்ட பிறகு ஆள் வந்து எண்ணிப் பார்ப்பார்கள். காய்ந்த கன்றுக்குக் கணக்கு கிடையாது. நம்ம கண்மாய்க் கரைக்கு வந்த திட்டத்தில் இல்லாமல் போனது இந்த ஒரு வரிதான் என்று நான் நினைக்கிறேன். கன்று நல்ல கன்றுதான், நாமும் சோம்பேறிகள் இல்லை. இரண்டாவது தடவை எண்ணிப் பார்க்க யாரும் வரவில்லை, நாமும் போகவில்லை.

சில வருஷம் போன பிறகு மரம் வளர்ப்பு மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது என்று பட்டிருக்கிறது. அதனால் கூட்டம் போட்டு, உங்க ஊரில் என்னென்ன பிரச்சினை, சொல்லுங்கள் என்று கேட்டு எழுதுவார்கள். சில கூட்டத்தில் நூறையும் தாண்டிப் போகுமாம் பட்டியல். இதெல்லாம் யாரால் வந்தது என்று கேட்டால் எல்லாரும் கை நீட்டுவது அரசாங்கத்தை. பாதி உண்மைதான், மீதிப் பாதி யாருடையது என்று வாங்கரி அம்மா திருப்பிக் கேட்பார். உங்க வயலில் மண் கரைந்து ஓடுகிறது, அதைத் தடுக்க வரப்புப் போட நீங்கள் என்ன செய்தீர்கள்? தப்பான பஸ்ஸில் ஏறினவன் கதையையும் அவர் சொல்வார். நம்ம பக்கத்துக்குச் சொல்வதானால் மதுரைக்குப் போக வேண்டியவள் திருச்சி பஸ்ஸில் ஏறின மாதிரி. ஏன் ஏறினாள்? பலகையைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், யாராவது தப்பாகச் சொல்லியிருக்கலாம், கேட்கக் கூச்சப்பட்டிருக்கலாம், தெரிந்த மாதிரியே ஏறி உட்கார்ந்திருக்கலாம். எதுவானாலும் பஸ் திருச்சிக்குத்தான் போகும்.

வளர்த்த மரத்தை ஆட்டிடமிருந்து காப்பது ஒரு வேலை. நிலத்தையே ஆளிடமிருந்து காப்பது வேறு வேலை. அந்த வேலையும் அவர்கள் தலையில் வந்து விழுந்தது.

1989ல் நைரோபி நகரின் நடுவில் இருக்கிற உகுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் ஒன்றும், பக்கத்தில் அதிபரின் பெரிய சிலையும் வரப்போவதாகத் தெரிந்தது. ஏழை எளியவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய் உட்கார இருந்த பொது இடம் அது. வாங்கரி அம்மா கடிதம் எழுத ஆரம்பித்தார். அரசுக்கு, அமைச்சகங்களுக்கு, பணம் போடுகிறவர்களுக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக. பதில் வரவில்லை, வசவு வந்தது. நாடாளுமன்றத்திலேயே புருஷனை விட்டவர்களின் கூட்டம் என்று இயக்கத்தைக் கேலி பேசினார்கள். அவருக்கு விவாகரத்து ஆகியிருந்தது, அதைக் குத்திக் காட்டினார்கள். பொது இடத்தைப் பற்றி ஒரு பெண் கேள்வி கேட்டால் பதில் அவள் குடும்பத்தைப் பற்றித்தான் வரும், இது எந்த நாட்டிலும் மாறவில்லை. இயக்கம் இருந்த அரசுக் கட்டடத்தையும் காலி பண்ணச் சொன்னார்கள். அவருடைய சின்ன வீடே அலுவலகமானது. ஆனால் பணம் போட இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். 1992ல் பூங்காவைச் சுற்றிப் போட்டிருந்த வேலியைப் பிரித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பூங்கா இன்றும் பூங்காவாகவே இருக்கிறது.

அடுத்தது கரூரா காடு. நைரோபி நகரத்தை ஒட்டி ஆயிரம் ஹெக்டேர் அளவுக்கு, அதாவது இரண்டாயிரத்து ஐந்நூறு ஏக்கர் போல இருக்கிற காடு. நான்கு ஆறுகளுக்கு அது நீர்ப்பிடிப்பு. 1998ல் பார்த்தால் அதைத் துண்டு துண்டாக வேண்டியவர்களுக்குக் கொடுத்து, மரத்தை வெட்டி வீட்டுமனை போட ஆரம்பித்திருந்தார்கள். வெட்டிய இடத்தில் கன்று நடுவது என்று பெண்கள் கிளம்பினார்கள். 1999 ஜனவரி 8ஆம் தேதி, காட்டு வாசலில் ஒரு கன்று நட மண்வெட்டியோடு போனவர்களைக் காவலுக்கு நின்ற ஆட்கள் கம்பும் சாட்டையும் கொண்டு அடித்தார்கள். வாங்கரி அம்மாவுக்கு மண்டை உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். கையெழுத்துப் போடச் சொன்னபோது தலையில் வழிந்த ரத்தத்தைத் தொட்டுக் காகிதத்தில் குறி போட்டார். அதே வருஷம் ஆகஸ்டு 16ஆம் தேதி, பொது நிலத்தை இனிமேல் யாருக்கும் ஒதுக்கக் கூடாது என்று அதிபர் அறிவித்தார். கரூராவில் இப்போது ஜனங்கள் நடைப்பயிற்சி போகிறார்களாம்.

2002ல் அவரை மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2004ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்கப் பெண் ஒருவருக்கு அந்தப் பரிசு அதுதான் முதல் தடவை. அதற்குள் இயக்கத்துப் பெண்கள் நட்டது மூன்று கோடி மரம். 2011 செப்டம்பர் 25ல் காலமானார். தன்னை மரப்பெட்டியில் வைத்துப் புதைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். மூங்கிலிலும் கோரைப்புல்லிலும் ஆகாயத்தாமரை நாரிலும் பின்னிய பெட்டியில் கொண்டுபோனார்கள்.

இனி நம்ம கண்மாய்க் கரை. போன ஐப்பசியில் நாலு குழு மட்டும் சேர்ந்து மறுபடியும் தொடங்கியிருக்கிறோம். இந்தத் தடவை கன்று எங்கிருந்தும் வரவில்லை. வேம்பு, புங்கன், நாவல் விதைகளை நாமே பொறுக்கிப் பால் பாக்கெட்டில் போட்டோம். பெரியாத்தா ஒருத்தர், நாவல் விதையைக் காய விடாமல் பழம் தின்ற கையோடு ஊன்றணும் என்று சொன்னதால்தான் நாவல் முளைத்தது. எந்தப் பயிற்சி நோட்டிலும் அது எனக்குக் கிடைக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் சேமிப்பு, கடன், வட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் புதிதாகப் போட்டிருக்கிறோம். ஒன்று நட்டது, இன்னொன்று நிற்பது. மாதக் கூட்டத்துக்கு முந்தின நாள் வேறொரு குழு போய் எண்ணணும். நம்ம குழுவை நாமே எண்ணினால் கூடத்தான் வரும்.

கண்மாயின் வடக்குப் பக்கம் யாரோ முள்வேலி போட்டு உள்ளே உழுதிருக்கிறார்கள். கிராம சபையில் மனுக் கொடுத்திருக்கிறோம், அளக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரவில்லை. மனுவின் நகல் அலுவலக பீரோவில் இருக்கிறது, கையெழுத்துப் போடாதவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போடலாம். என்னையும், "ஊர்ச் சொத்தைப் பத்தி உனக்கென்ன வந்துச்சு, உன் வீட்டைப் பாரு" என்று ஒருத்தர் கேட்டார். உகுரு பூங்கா ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், அதில் அவருக்குக் கோபம்.

மண் அரிப்புத் தடுப்பு, நாற்றங்கால் இரண்டுக்கும் சேர்த்து அடுத்த பயிற்சித் தகவல் வந்திருக்கிறது. மூன்று நாள், நம்ம கூட்டமைப்புக்கு இரண்டு இடம். பஸ் செலவு தருகிறார்கள். நான் ஒரு தடவை போயாச்சு, இந்தத் தடவை வேற ரெண்டு பேரு போகணும். ஒருத்தர் பெரியாத்தாவாக இருக்கட்டும் என்பது என் விருப்பம். எழுதத் தெரியாதே என்கிறார். கூடப் போகிறவர் எழுதிக்கொள்ளலாம். வர்ற கூட்டத்தில் பெயர் சொல்லுங்கள்.